மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு: சொத்து வரி மதிப்பீடும் மேல்முறையீடும்

(சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டு வரி கூடினால் நம் தெருக்களில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் நாலு பேர் கூடிப் பேசுவார்கள். ஒருவர் அரசைத் திட்டுவார். இன்னொருவர், "யாரையாவது பிடித்தால் குறைத்துக் கொடுப்பார்கள்" என்பார். மூன்றாமவர் எதுவும் பேசாமல் போய்க் கட்டிவிட்டு வந்துவிடுவார். நான்காவதாக ஒருவர் இருக்க வேண்டும்: அறிவிப்பைக் கையில் எடுத்து, அதில் எழுதியிருக்கும் பரப்பளவு தன் வீட்டின் பரப்பளவுதானா என்று பார்ப்பவர். அவர் நம்மிடையே மிகக் குறைவு. அவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொத்து வரியே கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி என்று நமக்குப் பக்கத்தில் நடக்கும் வேலைகளுக்கெல்லாம் இந்த வரிதான் ஆதாரம். மாநில அரசையும் ஒன்றிய அரசையும் எதிர்பார்க்காமல் ஓர் உள்ளாட்சி தானே திரட்டிக்கொள்ளும் வருமானத்தில் இதுவே முதன்மையானது. கட்ட வேண்டியதைக் கட்டத்தான் வேண்டும். கட்ட வேண்டாததைக் கட்ட வேண்டியதில்லை. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது என்கிறது நம் அரசமைப்புச் சட்டத்தின் 265ஆம் பிரிவு. இல்லாத 100 சதுர அடிக்கு ஒருவர் வரி கட்டினால், அந்தப் பங்கு சட்டத்தின் அதிகாரத்துக்கு வெளியே வசூலானது. தொகை சிறியதாக இருக்கலாம். ஆனாலும் அப்படித்தான்.

சென்னையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998-க்குப் பிறகு இருபது ஆண்டுகள் இங்கே பொதுச் சீராய்வே நடக்கவில்லை. பிறகு 2018 ஜூலையில் ஓர் உயர்வு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்வதாக அரசு அறிவித்தது. 2022 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் ஓர் உயர்வு. உள்ளாட்சிகளுக்கு ஒன்றிய அரசின் மானியம் வர வேண்டுமானால் சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதங்களை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலை உயர்த்த வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இருபது ஆண்டுகள் தொடாமல் விட்டுவிட்டு ஒரே மூச்சில் ஏற்றியது தவறு என்பது என் கருத்து. ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏறியிருந்தால் மக்களும் தாங்கியிருப்பார்கள், ஏடுகளும் திருத்தமாக இருந்திருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது விஷயத்தை. இருபது ஆண்டுகள் யாரும் திறந்து பார்க்காத ஏட்டில் பிழை இருக்கும். 2022 உயர்வு அந்த ஏட்டில் இருந்த வரியின் மேல்தான் சதவீதமாக ஏற்றப்பட்டது. ஆகவே பழைய பிழையும் கூடவே ஏறியது.

எப்படி ஏறியது என்று பார்ப்போம். சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீத உயர்வு. 601 முதல் 1,200 வரை 75 சதவீதம். 1,201 முதல் 1,800 வரை 100 சதவீதம். அதற்கு மேல் 150 சதவீதம். 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கு இதே படிகளில் 25, 50, 75, 100 என்று வைத்தார்கள்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான பரப்பு 1,190 சதுர அடி. என்றோ அளந்தவர் 1,210 என்று எழுதிவிட்டார். இருபது சதுர அடி, ஒரு குளியலறையின் பாதி. 1998 முதல் 2022 வரை அந்தப் பிழையால் அவருக்குக் கூடியது சில ரூபாய்கள்தான், கவனித்திருக்கவே மாட்டார். 2022-இல் அந்த இருபது அடி அவரைப் படி தாண்ட வைத்துவிட்டது. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டியவர் 1,750 கட்ட வேண்டிய இடத்தில் 2,000 கட்டுகிறார். ஆண்டுக்கு 500 ரூபாய் வித்தியாசம். அடுத்து வருகிற ஒவ்வொரு உயர்வும் இந்த 2,000-த்தின் மேல்தான் கணக்கிடப்படும். 590-க்கும் 610-க்கும் இடையிலும், 1,790-க்கும் 1,810-க்கும் இடையிலும் இதே கதைதான். உங்கள் வீடு 600, 1,200, 1,800 ஆகிய எண்களுக்கு அருகில் இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக டேப்பை எடுங்கள்.

அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. தளப்பரப்பு என்பது வெளிச்சுவரோடு சேர்த்து அளப்பது. முப்பதுக்கு நாற்பது அடி வீடு என்றால் 1,200 சதுர அடி. ஒன்பது அங்குலச் சுவரைக் கழித்து உள்ளே அளந்தால் இருபத்தெட்டரைக்கு முப்பத்தெட்டரை, ஏறக்குறைய 1,097 வரும். இந்த 1,097-ஐ எடுத்துக்கொண்டு போய் "100 அடி கூட்டிப் போட்டுவிட்டார்கள்" என்று மனு கொடுத்தால், அதை ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு உங்களுடைய நியாயமான வாதத்தையும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். வெளியிலிருந்து அளந்து பாருங்கள். சன்ஷேடு, திறந்த மாடிப்படி, பின்பக்கம் தகரம் போட்ட துணி துவைக்கும் இடம் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா, சேர்ந்திருந்தால் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். அடுக்ககங்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பில்டர் விற்கும்போது சொன்ன பரப்பில் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா என்று பொது இடமெல்லாம் சேர்ந்திருக்கும். பத்திரத்தில் ஓர் எண் இருக்கும், அனுமதி பெற்ற பிளானில் வேறோர் எண் இருக்கும். மதிப்பீட்டில் எதை எடுத்தார்கள் என்று தெரியாமல் வாதாட முடியாது.

பரப்பு தெரிந்த பிறகு மதிப்பு எப்படி வருகிறது? நம் ஊரில் சொத்து வரி, வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்பதை வைத்து விதிக்கப்படுவதில்லை. வாடகைக்கு விட்டால் நியாயமாக ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்பதை வைத்து விதிக்கப்படுகிறது. அதற்குப் பெயர் ஆண்டு மதிப்பு. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை விகிதம் இருக்கும். 1998 சீராய்வுக்குப் பின் சென்னையில் குடியிருப்புகளுக்கு இது 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை இருந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை. பரப்பை இந்த விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? சென்னைக் கணக்கில் 10.92 என்ற எண்ணால் பெருக்குவார்கள். எங்கிருந்து வந்தது இந்த எண்? பழுதுபார்ப்புச் செலவுக்காகக் கட்டடத்தின் பங்கில் 10 சதவீதம் கழிக்க வேண்டும் என்பது சட்டம். வாடகையில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு, ஒன்பது பங்கு கட்டடத்துக்கு என்று வைத்தால், அந்த ஒன்பதில் பத்தில் ஒன்று, அதாவது மொத்தத்தில் 9 சதவீதம் கழிகிறது. பன்னிரண்டில் 9 சதவீதம் போனால் மிச்சம் 10.92. இந்த எண்ணைப் பார்த்து மிரண்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். உங்கள் சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவுக்காகச் சட்டம் கொடுத்த கழிவு அது. இது போகக் கட்டடத்தின் வயதுக்குத் தேய்மானம், உரிமையாளரே குடியிருந்தால் அதற்கொரு சலுகை என்று வேறு கழிவுகளும் உண்டு. அவை உங்கள் கணக்கில் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மேலே சொன்ன விகிதங்களை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். குடியிருப்புக்கான உச்ச விகிதம் 2 ரூபாய் 40 காசு. வணிகத்துக்கான தொடக்க விகிதமே 4 ரூபாய். ஆகவே "பயன்பாடு" என்ற ஒரு கட்டத்தில் வீடு என்பதற்குப் பதில் கடை என்று விழுந்துவிட்டால், பரப்பில் வரும் எந்தப் பிழையும் அதற்கு ஈடாகாது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். கணவர் காலமான பின் முன்வராந்தாவில் ஒரு தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். வராந்தா பத்துக்கு ஆறு, அறுபது சதுர அடி. தரைத்தளம் மொத்தம் 650. வாசலில் தொங்கிய சிறிய போர்டைப் பார்த்துவிட்டு, தரைத்தளம் முழுவதையும் வணிகம் என்று பதிந்துவிட்டார்கள். குடியிருப்புக்கு ஒன்றரை ரூபாய், வணிகத்துக்கு ஐந்து ரூபாய் என்று எளிய எண்களாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். முழுவதும் வீடு என்றால் மாத மதிப்பு 975 ரூபாய். முழுவதும் கடை என்றால் 3,250. வராந்தா மட்டும் கடை என்றால் 1,185. அந்த மதிப்பீட்டு அறிவிப்பு அவர் வீட்டு அலமாரியில் ஆறு மாதம் கிடந்திருக்கிறது. "ஏம்மா, இதை இத்தனை நாளா யார்கிட்டயும் காட்டலையா?" என்று கேட்டேன். "கவர்ன்மென்ட்லேர்ந்து வந்த காகிதம் தம்பி. அது தப்பா இருக்கும்னு எப்படி நினைக்கிறது?" என்றார்.

அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. அவரிடம் அச்சம் இல்லை, அறியாமையும் இல்லை. அரசின் மேல் வைத்திருக்கும் மரியாதை அது. அந்த மரியாதைக்குத் தகுந்தாற்போல அரசின் ஏடுகள் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஏடு தானாகத் திருந்தாது. வீட்டுக்குள் எத்தனை அறை, எந்த மூலையில் மிஷின் இருக்கிறது என்பது வாசலில் நின்று எழுதிக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். புதிதாக வரி விதித்தாலும், இருப்பதைக் கூட்டினாலும் அறிவிப்பு அனுப்பி ஆட்சேபணை கேட்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது இதற்காகத்தான். மாநகராட்சி பாதி மதிப்பீட்டைச் செய்து அனுப்புகிறது. மீதிப் பாதியை உரிமையாளர் பதில் எழுதி முடித்துக் கொடுக்க வேண்டும். நாமோ அறிவிப்பைத் தீர்ப்பு என்று நினைத்து மடித்து வைத்துவிடுகிறோம்.

அந்த அம்மாவுக்காக எழுதிய மனு ஒன்றரைப் பக்கம். வரிவிதிப்பு எண், அறிவிப்பின் தேதி, வீட்டின் பரப்பு, வராந்தாவின் பரப்பு, கேட்பது என்ன. "தரைத்தளத்தில் 590 சதுர அடியைக் குடியிருப்பாகவும் 60 சதுர அடியை மட்டும் வணிகமாகவும் பதியக் கோருகிறேன்." இந்த ஒரு வாக்கியம்தான் மனுவின் உயிர். கூடவே மின்வாரிய அட்டையின் நகல், குடும்ப அட்டையின் நகல், கைப்பட வரைந்த ஒரு படம், தேதி தெரியும்படி எடுத்த நான்கு புகைப்படங்கள். வரி விதிப்பவர் மறுபடி வந்து பார்த்தார். வராந்தா மட்டும் வணிகமாக மாறியது. வந்து பார்த்த அந்த அலுவலர் பொறுமையாக அளந்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார் என்பதையும் நான் சொல்ல வேண்டும். ஒரு பகுதிக்கு ஆயிரக்கணக்கான வீடுகளைப் பார்க்க வேண்டிய ஓரிரு ஊழியர்களிடம் நாம் இந்த வேலையை ஒப்படைத்திருக்கிறோம். தெளிவான மனு அவர்களுக்கும் உதவிதான்.

இப்போது நடைமுறை. வரி அதிகம், கட்ட முடியவில்லை, விலைவாசி ஏறிவிட்டது என்று எழுதாதீர்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் மனுவை வாங்குகிறவரிடம் இல்லை. விகிதத்தை முடிவு செய்வது மாமன்றமும் அரசும். உங்கள் வார்டு உறுப்பினரிடம், தேர்தல் மேடையில், பத்திரிகையில் அதைப் பேசுங்கள். மனுவில் பேச வேண்டியது பரப்பு, பயன்பாடு, கட்டட வயது, தெரு விகிதம், கழிவு ஆகிய உண்மைகளை மட்டும்தான். எது தவறு, சரியான எண் எது, அதற்குச் சான்று எது, திருத்தினால் வரி எவ்வளவு ஆக வேண்டும். இந்த நான்கும் இருந்தால் போதும்.

உங்கள் கட்டடத்தில் ஒரே அளவுள்ள இரண்டு ஃபிளாட்டுகள் இருந்து, ஒன்றுக்கு ஒரு வரியும் இன்னொன்றுக்கு வேறு வரியும் விதித்திருந்தால், இரண்டு ரசீதுகளையும் அருகருகே வைத்து மனுவோடு இணையுங்கள். இதைவிட வலுவான சான்று கிடைப்பது கடினம். ஏட்டில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு, கள அளவைக் குறிப்பின் நகலும் மதிப்பீட்டுக் கணக்கின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபணைக் காலக்கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள். அறிவிப்பில் காலக்கெடு அச்சிட்டிருக்கும். முதலில் ஆட்சேபணையைக் கொடுத்துவிட்டு, "மற்ற ஆவணங்களைப் பின்னர் இணைப்பேன்" என்று எழுதுங்கள். நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் அனுப்புங்கள். வாய்ச்சொல்லாக "பார்த்துக்கலாம் சார்" என்பது பதில் ஆகாது. எழுத்தில் வரும் ஆணைதான் அடுத்த படிக்கு ஏணி.

படிகள் இவை. மண்டல அலுவலகத்தில் வரி விதிப்பவர், வருவாய் அலுவலர் மட்டத்திலேயே பெரும்பாலான பிழைகள் தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஆணையருக்குச் சீராய்வு மனு. அதற்கும் மேல் வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதற்கும் மேல் நீதிமன்றம். 2023 ஏப்ரலில் 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம் போய், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே பழைய மனுக்களைப் பார்த்துப் பிரிவு எண்களை அப்படியே எழுதாதீர்கள். பிரிவு எண்ணே இல்லாத மனுவும் செல்லும், தவறான எண் போட்ட மனு குழப்பத்தைத்தான் தரும்.

படிகளைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த ஒரு வழக்கு உண்டு. 2020-இல் நடிகர் ரஜினிகாந்த், தமது ராகவேந்திரா திருமண மண்டபத்துக்கு அரையாண்டு வரியாக விதிக்கப்பட்ட சுமார் ஆறரை லட்சம் ரூபாயை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். பொதுமுடக்கத்தால் மார்ச் 24 முதல் மண்டபம் பூட்டிக் கிடந்தது, வருமானமே இல்லை என்பது அவர் வாதம். அப்போதிருந்த சட்டத்தின் 105ஆம் பிரிவு, 30 நாளுக்கு மேல் காலியாக இருக்கும் கட்டடத்துக்கு வரிக் கழிவு கேட்க வழி செய்திருந்தது. வாதத்தில் சாரம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் செப்டம்பர் கடைசியில் மாநகராட்சிக்கு எழுதிவிட்டு, அவர்கள் பதில் சொல்ல அவகாசம் கொடுக்காமல் அக்டோபரிலேயே நீதிமன்றம் வந்ததை நீதிபதி கண்டித்தார். மனு திரும்பப் பெறப்பட்டது. வரியும் கட்டப்பட்டது. மாநகராட்சியிடமே மேல்முறையீடு செய்திருக்க வேண்டும், அனுபவம் பாடம் என்று அவரே ட்விட்டரில் எழுதினார். 105ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்ற கேள்வி அந்த வழக்கில் விசாரணைக்கே வரவில்லை. பெரிய வழக்கறிஞர் இருந்தும் இந்த நிலை. நமக்கோ மண்டல அலுவலகம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

நீதிமன்றம் வரை போன வழக்குகள் நமக்கு நல்லதும் செய்திருக்கின்றன. "நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகை" என்றால் எது என்ற கேள்வி கல்கத்தாவிலிருந்தும், குண்டூரிலிருந்தும், பிறகு டெல்லியிலிருந்தும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி வழக்கில், தேவான் தௌலத் ராய் கபூர் வழக்கு என்பார்கள், நீதிபதி பகவதி 1979-இல் தந்த தீர்ப்பு முக்கியமானது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ள ஊரில், அந்தச் சட்டம் அனுமதிக்கும் வாடகையைவிட அதிகமான தொகையை நியாயமான வாடகை என்று வரி அதிகாரி எடுத்துக்கொள்ள முடியாது, அந்த வாடகையை யாரும் முறைப்படி நிர்ணயம் செய்யாவிட்டாலும் முடியாது என்றது. பல ஆண்டுகள் வரி வழக்குகளின் முதுகெலும்பாக இருந்த தீர்ப்பு. தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகையை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. அதனால் அந்த வாதம் இன்று நம்மிடம் பழைய பலத்தோடு இல்லை. என்றாலும் அதன் உள்ளே இருக்கும் கருத்து நிற்கிறது: மதிப்பு என்பது அதிகாரி நினைக்கும் எண் அல்ல, சட்டம் சொல்லும் அளவுகோலால் வர வேண்டிய எண்.

ஆண்டு மதிப்பில் விழும் பிழை ஒரு ரசீதோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியம் வசூலிக்கும் குடிநீர், கழிவுநீர் வரி இதே ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். ஆகவே ஒரு பிழைக்கு நீங்கள் இரண்டு இடத்தில் கட்டுகிறீர்கள். திருத்த ஆணை கிடைத்ததும் அதன் நகலைக் குடிநீர் வாரியத்துக்கும் கொடுங்கள். அவர்கள் தாமாகத் திருத்துவார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

"மேல்முறையீடு செய்திருக்கிறேன், அதனால் கட்டவில்லை" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். இது ஆபத்து. காலம் கடந்த வரிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறிக்கொண்டே போகும். மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அது நிற்காது. கட்டிவிடுங்கள், மனுவில் "ஆட்சேபணைக்கு உட்பட்டுக் கட்டியிருக்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். வென்றால் பின்னால் வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். 2019-இல் ஊர் முழுவதற்கும் அப்படித்தானே கழித்தார்கள்? அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டுகிறவர்களுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் உண்டு. அதை ஏன் விட வேண்டும்?

இன்னொரு உண்மையையும் மறைக்க மாட்டேன். மனு கொடுத்தால் அளக்க வருவார்கள். அளக்க வந்தால் முழுவதையும் அளப்பார்கள். அனுமதி இல்லாமல் மாடியில் போட்ட அறை ஏட்டில் இல்லாமல் இருந்தால், அன்று அது ஏட்டில் ஏறும். அப்படி ஒரு அறை வைத்திருப்பவர்கள் வீட்டை முதலில் ஒழுங்குபடுத்திவிட்டுப் பிறகு மனு எழுதட்டும். நியாயம் கேட்கிறவர் தானும் நியாயத்துக்குக் கட்டுப்படத்தானே வேண்டும்.

மேல்முறையீடு எல்லோருக்கும் திறந்த கதவு என்று சட்டம் சொல்கிறது. யார் உள்ளே நுழைகிறார்கள்? அமெரிக்காவில் சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியில் இந்தக் கேள்வியைத் தீர ஆராய்ந்தார்கள். அங்கே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. மேல்முறையீடு மிகச் சாதாரணம், அதற்கென்றே தனி வழக்கறிஞர் நிறுவனங்கள் உண்டு. 2017-இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் வெளியிட்ட புலனாய்வுத் தொடர், எளியவர்களின் வீடுகள் அவற்றின் விலையோடு ஒப்பிட்டால் அதிகமாகவும், வசதியானவர்களின் வீடுகள் குறைவாகவும் மதிப்பிடப்பட்டிருந்ததைக் காட்டியது. மேல்முறையீடு அந்த இடைவெளியைக் குறைக்கவில்லை, கூட்டியது. வசதியானவர்கள் வாடிக்கையாக மேல்முறையீடு செய்தார்கள், எளியவர்கள் செய்யவில்லை. அடுத்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் அன்றைய மதிப்பீட்டு அதிகாரி ஜோசப் பெரியோஸ் தோற்றார். சிகாகோ நகர மன்றத்தில் பல்லாண்டு செல்வாக்கோடு இருந்த எட்வர்ட் பர்க், சொத்து வரி மேல்முறையீட்டு நிறுவனமும் நடத்திவந்தார். நகராட்சியில் காரியம் ஆக வேண்டியவர்களைத் தம் நிறுவனத்துக்கு வழக்குக் கொடுக்கச் சொல்லி நெருக்கியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2023 டிசம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

அங்கே முறை வேறு. ஊருக்குத் தேவையான மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு வீடுகளுக்குப் பங்கு போடுவார்கள். ஒருவருக்குக் குறைந்தால் அது அடுத்தவர் தலையில் விழும். நம் ஊரில் விகிதம் முதலில், தொகை பிறகு. உங்களுக்குக் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏறாது. இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனால் யார் கேட்கிறார்கள், யார் கேட்காமல் இருக்கிறார்கள் என்ற விஷயத்தில் சிகாகோவும் சென்னையும் ஒன்றுதான். ஆடிட்டரும் வக்கீலும் வைத்திருக்கும் வணிக வளாகத்தின் மதிப்பீட்டில் பிழை நிலைப்பதில்லை. வராந்தாவில் தையல் மிஷின் வைத்திருக்கும் வீட்டின் மதிப்பீட்டில் நிலைத்துவிடுகிறது.

ஆட்சேபணை கொடுப்பதைத் தனி ஆளாகச் செய்வதைவிடத் தெருவாகச் செய்வது நல்லது என்பேன். இந்த மண்ணில் அதற்கு நீண்ட வழக்கம் உண்டு. 1810-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வீட்டு வரி விதித்தபோது காசி நகர மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியே வந்து கூட்டமாக உட்கார்ந்தார்கள், மனு எழுதினார்கள், கடைசியில் வரி திரும்பப் பெறப்பட்டது. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் அந்த ஆவணங்களைத் தேடித் தொகுத்து நமக்குக் கொடுத்திருக்கிறார். இன்று நமக்கு வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை. வரி விதிப்பது நாம் வாக்களித்த மன்றம், குறை கேட்க அலுவலகமும் தீர்ப்பாயமும் இருக்கின்றன.

சங்கம் செய்யக்கூடியது இதுதான். தெருவுக்கு ஒரு தாள் எடுங்கள். கதவு எண், ஏட்டில் உள்ள பரப்பு, நிஜப் பரப்பு, பயன்பாடு, கட்டிய ஆண்டு, அரையாண்டு வரி என்று கட்டம் போடுங்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் நிரப்பட்டும். ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டுக்கு யாருடைய வரி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அந்த வீட்டுக்குப் போய் அறிவிப்பை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு முதியவரின் வீடாகவோ, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடாகவோ, பெயர் மாற்றம்கூடச் செய்யாமல் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே ரசீது வரும் வீடாகவோ இருக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். அது இல்லாமல் மனு கொடுத்தால், நீங்கள் யார் என்ற கேள்வியிலேயே காரியம் நின்றுவிடும்.

கடைசிப் பெஞ்சில் இருக்கும் நண்பர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார்: "புகார் கொடுத்தால் நம் மேல் கோபப்பட்டு வரியைக் கூட்டிவிட மாட்டார்களா?" என்று. கூட்டுவதற்கும் அவர்கள் அறிவிப்பு கொடுக்க வேண்டும் நண்பரே, காரணம் எழுத வேண்டும், அதையும் நீங்கள் மறுக்கலாம். கையில் சரியான அளவும் முத்திரை வாங்கிய நகலும் வைத்திருப்பவரிடம் யாரும் அவ்வளவு எளிதாக விளையாடுவதில்லை.

வரி ரசீதை எடுத்து வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். ரசீதோடு பத்திரமோ பிளானோ இருந்தால் இங்கேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இல்லாதவர்கள் ஏட்டில் உள்ள பரப்பை மட்டும் இப்போது குறித்துக்கொண்டு போய், வீட்டை வெளியிலிருந்து அளந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள்.